மூன்று குவியல்கள்

தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில், பழைய துறைமுகத்துக்குச் சற்றே தெற்கில், தோணிகளுக்குப் பஞ்சடைத்துக் கீல் பூசும் மணல்வெளியின் ஓரத்தில், கவிழ்த்துப் போடப்பட்ட வள்ளம் ஒன்று நெடுநாள் கிடந்தது. பெரிய கப்பல்கள் கரையை அணுக இயலாமல் ஐந்தாறு மைலுக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நிற்க, கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கையெல்லாம் தோணிகளே சுமந்த காலம் அது. பகலெல்லாம் உப்பு மூட்டையும் பருத்திப் பொதியும் ஏறி இறங்கி ஓய்ந்த பிறகு, முயல் தீவின் கலங்கரை விளக்கம் கண் சிமிட்டத் தொடங்கும் வேளையில், அந்த வள்ளத்தின் முதுகின்மேல் நண்பர்கள் நால்வர் வந்து உட்காருவோம். கையில் ஒரு காகிதப் பொட்டலம் மக்ரூனும், மனத்தில் அன்றைய பத்திரிகைச் செய்தியும் இருக்கும். இரவு ஒன்பது மணி வரையில் எங்கள் சம்பாஷணை நடக்கும். ஏறக்குறைய ஐந்து வருஷங்கள் இடைவிடாது நடந்த அந்தச் சம்பாஷணையின் பெரும்பகுதி ஒரே விஷயத்தைப் பற்றியது: சர்க்கார் நம்மிடம் வரி வாங்குவது எந்த நியாயத்தில், வாங்கியதற்கு ஈடாக அது நமக்குச் செய்ய வேண்டியது என்ன என்பதுதான்.

நால்வரில் ஒருவர் உப்பளம் ஒன்றில் கணக்குப்பிள்ளை. எண்ணிக்கையில் ஒரு பைசா பிசகினாலும் அன்றிரவு உறக்கம் கொள்ளாத உத்தமர். இரண்டாமவர் முனிசிபல் பள்ளியில் ஆரம்ப வகுப்பு வாத்தியார். மூன்றாமவர் எங்கள் எல்லாருக்கும் பதினைந்து வயது மூத்தவர். கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல். எங்கள் ஊர்க் கடற்கரையில் தண்டல் என்றால் தோணியின் தலைவர். தாலுகா கச்சேரியிலோ தண்டல் என்றால் வரி வசூல். ஒரே சொல்லுக்கு இவ்விரண்டு அர்த்தமும் இருப்பதை வாத்தியார் ஒரு நாள் எடுத்துச் சொன்னபோது அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, ஆளுக்கொரு கயித்தை இழுக்க வச்சிக் கரை சேக்கணும்" என்றார். நான்காமவன் நான். வ.உ.சி. கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு, நிலையான உத்தியோகம் கிடைக்காமல், கிடைத்த தற்காலிக வேலைகளைச் செய்துகொண்டிருந்தவன்.

விவாதத்துக்கு வித்திட்டது 1957-ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டம் என்று நினைக்கிறேன். கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் கால்டார் முந்தின வருஷம் இந்தியாவுக்கு வந்து அளித்த யோசனைகளைப் பின்பற்றி, நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி சொத்து வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார்; அடுத்த வருஷமே நன்கொடை வரியும் சேர்ந்தது. கணக்குப்பிள்ளையின் சொந்த வருமானத்தை இவற்றில் எதுவும் தொடப்போவதில்லை. ஆயினும் முதலாளியின் சொத்துக் கணக்கை எழுதும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தபடியால், பாத்தி, வண்டி, வீடு, வரம்புக்கு மேற்பட்ட நகைநட்டு என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு விலை மதிக்கும் வேலை அவருக்குத் தாங்கொணாத கூச்சத்தை உண்டாக்கிற்று. ஒருவன் சம்பாதிக்கும்போது ஒரு வரி, சேர்க்கும்போது ஒரு வரி, செலவழிக்கும்போது ஒரு வரி, கொடுக்கும்போது ஒரு வரி, 1953-ஆம் வருஷத்துச் சட்டப்படி செத்த பிற்பாடு ஒரு வரி என்றால், அந்த மனிதன் எந்த நிமிஷத்தில்தான் தனக்காக வாழ்கிறான் என்று அவர் கேட்ட கேள்விக்கு அன்று எங்களில் எவராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

1959-ஆம் வருஷம் எங்கள் விவாதத்துக்கு எண்ணெய் வார்த்த வருஷம். மே மாதத்தில் வீரபாண்டிய கட்டபொம்மன் படம் வெளிவந்தது. பாஞ்சாலங்குறிச்சி எங்கள் பக்கத்துப் பூமியானபடியால் ஊரே அந்தப் படத்தின் வசனத்தைத் தெருவில் முழங்கிற்று. இரண்டு மாதத்துக்குள் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, லைசென்ஸும் பர்மிட்டும் கோட்டாவும் ராஜ்யம் செய்வதைக் கண்டித்து எழுதவும் பேசவும் ஆரம்பித்தார். கணக்குப்பிள்ளைக்கு இவ்விரண்டும் ஒரே செய்தியாகத் தோன்றின. வாத்தியார் காமராஜரின் பக்தர், விட்டுக் கொடுப்பாரா?

"கட்டபொம்மு குடுக்க மாட்டேன்னது கப்பலேறி வந்த அந்நியனுக்கு வே. நாம குடுக்கது நாமளே ஓட்டுப் போட்டு வச்ச சர்க்காருக்கு. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதேயும்."

"ஓட்டு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்க, நோட்டீசு மாசா மாசமில்லா வருது?" என்பார் கணக்குப்பிள்ளை.

இந்தியாவிலேயே பொது விற்பனை வரியை முதன்முதலில் விதித்தது 1939-இல் சென்னை மாகாணப் பிரதமராயிருந்த ராஜாஜியின் சர்க்கார்தானே என்று வாத்தியார் ஒரு நாள் மடக்கினார். கணக்குப்பிள்ளை கலங்கவில்லை. கள்ளையும் சாராயத்தையும் ஒழித்தால் வரும் நஷ்டத்தை ஈடுகட்ட இந்த வரி என்று காரணத்தைச் சொல்லி வாங்கிய வரி அது. காரணம் சொல்லப்பட்ட வரியைக் கணக்குக் கேட்கலாம், காரணமில்லாமல் வளரும் வரியை என்னவென்று கேட்பது என்றார். அந்தப் பதிலில் உண்மை இருந்தது என்று அன்றும் எண்ணினேன், இன்றும் எண்ணுகிறேன். வரியை வெறுக்கிறவர் என்று ஊரார் சொன்ன அந்த மனிதர் உண்மையில் வெறுத்தது, காரணம் கூறாத அதிகாரத்தையே.

அவருடைய கோபத்துக்கு உப்பிலேயே வேர் இருந்தது. மூன்று பக்கமும் வெள்ளைவெளேரென்று உப்பு குவிந்து கிடக்கும் ஊரில் பிறந்தவர்கள், உப்புக்கு வரி என்பதை எவ்வாறு எண்ணியிருப்பார்கள் என்பதை மற்ற ஊராருக்கு விளக்குவது கடினம். கடல் நீரும் வெயிலும் காற்றும் மனித உழைப்புமாகச் சேர்ந்து விளைவிக்கும் ஒரு பொருளைக் காவல்காரர்கள் சூழ்ந்து நின்று, வரி கட்டாமல் ஒரு பிடி அள்ளினாலும் குற்றம் என்று சொன்ன காலத்தில் அவர் சிறு பையன். அவருடைய தகப்பனாரும் உப்பளத் தொழிலாளி. 1947-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியன்று, இடைக்கால சர்க்காரில் நிதி வகித்த லியாகத் அலி கான் சமர்ப்பித்த திட்டத்தின்படி, உப்பு வரி ஒழிந்த செய்தி வந்தபோது, தகப்பனார் அளத்துப் பாத்தியிலிருந்து ஒரு கைப்பிடி உப்பை அள்ளித் துண்டின் முனையில் முடிந்துகொண்டு, ஒளிக்காமல், வாசல் வழியே நடந்து வீட்டுக்கு வந்தாராம். அந்த உப்பைச் சமையலுக்குக் கொடுக்காமல் ஒரு பீங்கான் பரணியில் போட்டு மாடக்குழியில் வைத்திருந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஈரம் கோத்து இறுகிக் கல்லாகிப் பழுப்பேறியிருந்தது. ஆறே வருஷத்தில், உப்பு இலாகாவின் செலவுக்கும் தொழிலாளர் நலனுக்கும் என்று காரணம் கூறி, சிறியதொரு செஸ் வரி சட்டமாயிற்று. அதன் தொகை அற்பம். ஆனால் பரணியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அது அற்பமாகத் தோன்றவில்லை.

வாத்தியாரின் கட்சிக்கும் வேர் இருந்தது; அது தண்ணீரில் இருந்தது. எங்கள் ஊர்க் கிணறுகள் பெரும்பாலும் உவர்நீர்க் கிணறுகள். குடிதண்ணீரைக் குடம் இவ்வளவு என்று வண்டிக்காரனிடம் விலைக்கு வாங்கிய நாட்களைப் பற்றி என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். முகம் கழுவிய நீரைத் தாம்பாளத்தில் ஏந்திச் செடிக்கு ஊற்றும் பழக்கம், குழாய் வந்து முப்பது வருஷம் ஆன பிறகும் அவளைவிட்டுப் போகவில்லை. ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து நகரசபைத் தலைவராயிருந்து முயன்றதன் பயனாக, பதினைந்து மைலுக்கு அப்பால் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாய் வழியே ஊருக்குள் வந்தது. அந்தக் குழாயை எந்தத் தனி வியாபாரி தன் லாபத்துக்காகப் போட்டிருப்பான், போட்டிருந்தாலும் என் பாட்டியின் தெருவுக்கு அதைத் திருப்பியிருப்பானா என்று வாத்தியார் கேட்பார். 1956-இல் பாரதி பிறந்த எட்டயபுரத்திலே காமராஜர் தொடங்கி வைத்த மதிய உணவைப் பற்றிப் பேசத் தொடங்கினாலோ, அவர் குரலே மாறிவிடும். பசியோடு வந்த பையன் பதினோரு மணிக்குப் பலகையின்மேல் தலை சாய்த்துத் தூங்குவதையும், சோறு போடத் தொடங்கிய பிறகு அதே பையன் பிற்பகல் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்வதையும் தினந்தோறும் பிரத்தியட்சமாகக் கண்டவர் அவர். ஊரார் கொடுத்ததும் சர்க்கார் கொடுத்ததும் ஒரே அண்டாவில் வேகும்போது, எது தர்மம், எது வரி என்று பிரித்துச் சொல்ல முடியுமா என்பது அவருடைய கேள்வி.

இவ்வாறு இருவரும் தத்தம் நியாயத்தில் உறுதியாக நின்றபடியால் விவாதம் கடலலை போல வந்த இடத்துக்கே வந்துகொண்டிருந்தது. அதை வேறு திசைக்குத் திருப்பியது ஒரு முத்துக்குளிப்புக் காலத்தில் நான் கண்ட சம்பவம்.

1928-க்குப் பிறகு இருபத்தேழு வருஷம் எங்கள் கடலில் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. முத்துச் சிப்பி நாம் நினைத்தபோது கிடைப்பதன்று. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் தூரத்தில், எட்டுப் பத்துப் பாகம் ஆழத்தில், பார் என்று சொல்லப்படும் கல்தரையில் அது ஒட்டி வளர வேண்டும். நாலைந்து வயது நிரம்ப வேண்டும். மணல் மூடாமல், திருக்கையும் மற்ற மீனும் தின்றுவிடாமல் தப்ப வேண்டும். மீன்வள இலாகாவினர் வருஷந்தோறும் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றில் கண்ட முத்துகளை மதிப்பிட்டுப் பார்த்து, திறக்கலாம் என்று தீர்மானித்தால்தான் முத்துக்குளிப்பை அறிவிப்பார்கள். 1955 முதல் 1961 வரையில் தொடர்ந்து ஏழு வருஷம் அந்த அதிருஷ்டம் வாய்த்தது. தொல்லாயிரம் பாரின் பெயரைச் சிறு குழந்தைகளும் உச்சரித்தார்கள். 1960-இலும் 1961-இலும் கரையில் சிப்பியை எண்ணி எழுதும் தற்காலிகக் குமாஸ்தாக்களில் ஒருவனாக எனக்கு வேலை கிடைத்தது.

பிற்பகலில் கடற்காற்றோடு வள்ளங்கள் பாய் விரித்துத் திரும்பும் காட்சியை வர்ணிக்க எனக்கு ஆற்றல் போதாது. விடியுமுன் நிலக்காற்றில் சென்றவர்கள் அவர்கள். கல்லைக் காலில் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கி, ஒரு நிமிஷத்துக்குள் கைக்கு அகப்பட்டதை வலைப்பையில் வாரிக்கொண்டு, கயிற்றை அசைத்ததும் மேலே நிற்பவர் இழுத்துத் தூக்க, நாளெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் செய்து கண் சிவந்து, காதில் வலியோடு கரையேறுவார்கள். சிப்பிகளைக் கொட்டு என்னும் வேலியிட்ட இடத்துக்குச் சுமந்து வந்து இறக்கியதும் நடக்கும் காரியந்தான் என் மனத்தில் அழியாமல் பதிந்தது.

ஒவ்வொரு வள்ளத்தாரும் தங்கள் சிப்பியைத் தாங்களே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். பெரியதும் சிறியதும் கலந்து, ஒன்றுக்கொன்று ஏற்றத்தாழ்வு தோன்றாதபடி, கூடை கூடையாக மாற்றிப் போட்டு, எட்டி நின்று பார்த்து, மறுபடி ஒரு கை அள்ளி இங்கிருந்து அங்கே வைத்துச் சமப்படுத்துவார்கள். அதன் பிறகே உத்தியோகஸ்தர் வருவார். வந்து மூன்றில் இரண்டைக் கையால் சுட்டுவார். சுட்டியவை சர்க்காருக்கு, எஞ்சிய ஒன்று குளியாட்களுக்கும் படகுக்கும். சர்க்கார் பங்கு அன்று மாலையே ஆயிரம் இவ்வளவு என்று ஏலத்தில் போகும். பிரிக்கிறவர் எடுப்பதில்லை, எடுக்கிறவர் பிரிப்பதில்லை. எந்தக் குவியல் தமக்கு வரும் என்பது தெரியாதபடியால், பிரிப்பவரின் கை தானாகவே நேர்மையாகிறது. மூன்றில் இரண்டு என்பது கொடிய விகிதமென்று வாதிக்கலாம். நானே அவ்வாறு வாதித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிரிவினையின்போது ஒரு குளியாளாவது ஏமாற்றப்பட்டேன் என்று முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

1960-ஆம் வருஷம், சித்திரை வெயில் கொளுத்திய ஒரு நாள், வள்ளம் ஒன்றிலிருந்து கடைசியாக இறங்கிய பையனுக்குப் பதினேழு வயது இருக்கும். உடம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது. இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்த சோற்று ஓலைப்பெட்டியின் மூடி முழுவதும் பொருந்தவில்லை. இடுக்கு வழியே நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்த பெட்டி கனப்பது எப்படி? முப்பது சிப்பியாவது அதற்குள் இருக்கும். என் மேஜையைத் தாண்டும்போது அவன் என்னைப் பார்த்தான்; நான் பார்த்துவிட்டதை அவனும் பார்த்தான். பெட்டியைப் பிடித்த விரல்களில் சிப்பி விளிம்பு கீறிய கோடுகள் கடல்நீரில் ஊறி வெளுத்திருந்தன. நான் தலையைக் குனிந்து பேரேட்டில் அடுத்த வரியை எழுதினேன். அவன் போய்விட்டான்.

அன்றிரவு வள்ளத்தின்மேல் உட்கார்ந்து, யாருடைய அடையாளமும் கூறாமல், நடந்ததைச் சொல்லி, நான் செய்தது சரியா என்று கேட்டேன்.

கணக்குப்பிள்ளை சற்றும் தயங்கவில்லை. "அது திருட்டே இல்லை வே. கடலைச் சர்க்காரா வெட்டிச்சு? சிப்பிக்குச் சர்க்காரா தீனி போட்டுது? மூச்சைப் பிடிச்சி முங்குனவன் அவன். பாண்டியன் காலத்துலே இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ என்ன எழுதி வச்சிருக்கான்? ராஜாவுக்குப் பத்திலே ஒண்ணு. பத்திலே ஒண்ணு எங்கே, மூணிலே ரெண்டு எங்கே? அறுநூறு எழுநூறு வருஷத்துலே நாகரிகம் வளந்துதா, தேஞ்சுதா, கேக்கேன்."

வாத்தியார் கண் கலங்கிவிட்டார் என்றால் மிகையில்லை. முப்பது சிப்பியின் விலையில் எத்தனை பிள்ளைகள் ஒரு வேளை உண்ணலாம் என்று கணக்குச் சொல்லி, அந்தப் பையன் தன் தம்பியின் தட்டிலிருந்தே எடுத்திருக்கிறான், நீ அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாய் என்று என்னைக் கடிந்துகொண்டார். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் குளியாள் இறங்கும் கல்லுக்கு இவ்வளவு வரி என்று வாங்கியது கடல் தாண்டிப் போயிற்று. நாயக்கருக்கும் சேதுபதிக்கும் ஜாதித் தலைவருக்கும் கோயிலுக்கும் மானியக் கல் என்று விட்டது அவரவர் பெட்டிக்குப் போயிற்று. முதன்முறையாக இன்று நம் பொக்கிஷத்துக்கு வருகிறது, அதையும் நாமே அரிப்பதா என்றார்.

தண்டல் வழக்கம்போல் கடைசியில் வாய் திறந்தார். அவர் திறந்த வழி நாங்கள் எவரும் எதிர்பாராதது.

"தம்பி, அந்த முப்பதும் வெளிய வந்திருந்தா மூணு குவியல்லயும் பத்துப் பத்துல்லா ஏறியிருக்கும்? சர்க்காருக்கு இருவது போச்சு, சரி. மத்த பத்து யாருக்குப் போச்சு? கூட முங்குனவனுக்கும், மேல நின்னு கயிறு பிடிச்சவனுக்கும் போச்சு. அவன் மூச்சு இவன் கையிலல்லா இருந்துது? சர்க்காருக்கு மறைச்சதை விடுங்க, கயிறு பிடிச்சவனுக்கு மறைச்சான் பாருங்க, அதுதான் எனக்குச் சங்கடமா இருக்கு."

சிறிது நேரம் அலையோசை மட்டும் கேட்டது. வரி ஏய்ப்பு என்பதைப் பிரஜைக்கும் சர்க்காருக்கும் இடையிலுள்ள வழக்காகவே அதுவரையில் நாங்கள் கருதி வந்தோம். பத்து என்னும் அந்தச் சிறு எண், நடுவில் இன்னொருவர் நிற்பதைக் காட்டிற்று. எழுத்தறிவு அதிகமில்லாத ஒரு கடலோடி, கால்டாரின் யோசனைகளைப் படித்திருந்த என்னைவிட இந்த விஷயத்தை ஆழமாகக் கண்டார்.

கணக்குப்பிள்ளை மட்டும் விடவில்லை. விகிதம் நியாயமாக இருந்தால் பையனுக்கு ஒளிக்கவே தோன்றாது என்றும், பாதிக்குப் பாதி என்று வைத்துப் பார்த்தால் எத்தனை ஓலைப்பெட்டி கனக்கிறது என்று தெரியும் என்றும் சொன்னார். அதையும் தண்டல் மறுக்கவில்லை. "அது வாஸ்தவம். மூணிலே ரெண்டு சாஸ்திதான்" என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு, கடல்கட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். முற்காலத்தில் குளியாட்கள் இறங்குமுன் கடல்கட்டி என்பவர் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவார். அவருக்கு உரிய பங்கு கொடுக்காமல் எவரும் இறங்க மாட்டார். மார்க்கோ போலோவின் குறிப்பிலேயே, அரசனுக்குப் பத்தில் ஒன்று போக, மீனைக் கட்டும் மந்திரவாதிக்கு இருபதில் ஒன்று என்று இருப்பதை வாத்தியார் நினைவூட்டினார்.

"கடல்கட்டி சுறா வாயைத்தான் கட்டுவான். மனுச வாயைக் கட்டுதது யாரு? பாரை மூடி வச்சி, பிஞ்சுச் சிப்பியைத் தொடாதேன்னு சொல்லுததுக்கு ஒரு ஆள் இல்லேன்னா, ஆளுக்கு ஒரு வள்ளமாப் போயி ஒரே வருஷத்துலே வழிச்சித் துடைச்சிருவோம். எங்க ஆளுகளையும் சேத்துத்தான் சொல்லுதேன்."

இதே கருத்தைச் சங்குக் கிட்டங்கியில் நான் கண்ணால் கண்டிருந்தேன். அக்காலத்தில் எங்கள் கடலில் சங்கு எடுப்பது சர்க்காரின் ஏகபோகமாயிருந்தது. எடுத்த சங்கை வேறு எவருக்கும் விற்கலாகாது. வலம்புரி அகப்பட்டாலும் கொண்டுவந்து ஒப்படைத்தே ஆக வேண்டும். சங்குகளெல்லாம் வளையல் அறுப்பதற்காக வங்காளத்துக்குப் போகும். கணக்குப்பிள்ளை இந்த ஏகபோகத்தை மனமார வெறுத்தார்; குளியாளுக்குக் கிடைத்த விலையைப் பார்க்கும்போது அவர் வெறுப்பில் நியாயம் இருந்தது என்றே கூறுவேன். ஆயினும் அங்கே இரண்டேகால் அங்குல அளவில் ஒரு வளையம் இருந்தது. சங்கை அதில் நுழைத்துப் பார்ப்பார்கள். நுழைந்து அந்தப் பக்கம் விழுந்தால் அது சிறு சங்கு, கடலுக்கே திரும்ப வேண்டியது. அந்த வளையத்தைத் தனி வியாபாரி ஒருவர் தம் செலவில் செய்து வைத்திருப்பாரா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டதுண்டு.

அன்றிரவு கலையும்போது தண்டல் என்னிடம் மட்டும் தணிந்த குரலில், "உமக்குச் சம்பளம் எதுல இருந்து வருது தம்பி?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் தொனி அதில் சிறிதும் இல்லை. அறிந்துகொள்ளும் விருப்பமே இருந்தது. வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அக்கேள்வி கூடவே வந்தது. நான் எண்ணிய இரண்டு குவியல்களிலிருந்தே என் சம்பளம் வந்தது. நான் நிழலில் மேஜை போட்டு உட்கார்ந்து எழுதிய ஒவ்வொரு நாளும், பத்துப் பாகம் ஆழத்தில் ஒருவர் அடக்கிய மூச்சின் ஒரு பகுதி என் கைக்கு நாணயமாக வந்துகொண்டிருந்தது. வரியைக் குறித்து நால்வரும் இத்தனை நாள் பேசியதில், வரியை உண்பவனாக என்னை நான் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. கூலி வாங்குகிறவன் கடமைப்பட்டிருப்பது உத்தியோகஸ்தருக்கா, கணக்குக்கா, கீழே மூழ்குகிறவருக்கா என்று தெளியாமல் அன்றிரவு நெடுநேரம் விழித்திருந்தேன். மறுநாள் அந்தப் பையன் வந்தபோது பெட்டியைப் பார்த்து, "சாப்பிட்டாச்சா?" என்று மட்டும் கேட்டேன். அவன் மூடியைத் திறந்து காட்டினான், காலியாக இருந்தது. அதற்குப் பிறகு சலாபம் முடியும் மட்டும், நான் கேட்காமலே திறந்து காட்டிவிட்டுப் போவான். அது எனக்கு உண்டாக்கிய வெட்கத்தை இன்றும் சொல்லால் விளக்க இயலவில்லை.

1961-ஆம் வருஷத்தோடு முத்துக்குளிப்பு நின்றது. அடுத்த வருஷம் திறக்கவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. நான் கப்பல் ஏஜென்ஸி ஒன்றில் நிரந்தர வேலைக்குப் போய்விட்டேன். வாத்தியாருக்குக் கோவில்பட்டிப் பக்கம் மாற்றலாயிற்று. 1964 நவம்பரில் லால்பகதூர் சாஸ்திரி வந்து ஆழ்கடல் துறைமுகத்துக்குத் தொடக்கம் செய்தார்; பத்து வருஷத்துக்குப் பிறகு, 1974 ஜூலையில், அது பெருந்துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டது. கப்பல் கரையோரம் வந்து அணைந்த காட்சியைக் காணத் தண்டல் இல்லை. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே, பனிமயமாதா கோவில் மணியோசை கேட்கும் தூரத்தில், தம் வீட்டுத் திண்ணையிலே காலமானார். பொதுப்பணத்தில் எழுந்த அந்தத் துறைமுகத்தினால் ஊர் அடைந்த நன்மை பெரிது. தோணித் தொழில் இழந்தது எவ்வளவு என்று யாராவது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குவித்துக் காட்டினார்களா என்று நான் கேட்டுக்கொண்டேயிருக்கிறேன். அவர் இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

1973-இல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் எங்கள் கடற்கரையிலேயே சிப்பிக்குள் கருவிட்டு, உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினார்கள். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்தவுடன் கணக்குப்பிள்ளை என் வீட்டுக்கு வந்து, இதில் சர்க்கார் செலவு எவ்வளவு என்று போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். போடவில்லை என்றேன். போட்டிருக்க வேண்டும் என்றார். ஆனால் பத்திரிகைத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிற்காலத்தில் நாங்கள் இருவர் மட்டும் கடற்கரைக்குப் போவோம். வள்ளம் மக்கி மணலோடு மணலாகிவிட்டது. சர்க்காரைப் பற்றிய அவருடைய அபிப்பிராயங்களில் பெரும்பாலானவை மாறவில்லை. உப்புப் பரணியும் மாடக்குழியை விட்டு அசையவில்லை. இலாகாவின் பார்ச் சோதனைப் படகு கடலுக்குப் போய் வந்தது என்று கேள்விப்பட்டால் மட்டும் அவர் நடை வேகமாகிவிடும். அந்த இலாகாவில் இருந்த பழைய அறிமுகங்களிடம் விசாரித்துச் சொல்லும்படி என்னை நச்சரிப்பார். ஒரு மாலை அவ்வாறே விசாரித்து வந்து சொன்னேன்.

"சிப்பி இருக்காமா?" என்றார்.

"பிஞ்சு தெரியுதாம். முத்தலையாம்."

அவர் கடலைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றார். "அப்ப யாரும் தொடாமப் பாத்துக்கிடச் சொல்லும்" என்றார். பிறகு பொட்டலத்தைப் பிரித்தார்.